ஏழாவது குழாய்

செவ்வாய்க்கிழமை காலையில் செய்தி வந்தபோது நான் குழாயடியில் குடம் வைத்துக்கொண்டிருந்தேன். கரமனையில் எங்கள் வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாய் கொஞ்ச நேரம் காற்றை இழுக்கும். உள்ளே யாரோ மூச்சு வாங்குவதுபோல் இருக்கும். அன்று வழக்கத்தைவிட நீளமாக இழுத்தது. வீட்டுக்குள் அப்பாவின் போன் அடித்தது. "யாரு? எப்ப?" என்று இரண்டு கேள்விகள்தான் அப்பா கேட்டார். பிறகு வாசலுக்கு வந்து அம்மாவிடம், "நம்ம இசக்கி போயிட்டாளாம். ராத்திரி படுத்தவ எந்திரிக்கல" என்றார். தண்ணீர் வந்தது. குடம் நிறைந்து வழிந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

இசக்கியக்காவைத் தெரிந்த எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். ஆனால் முதலில் வாசிக்க வேண்டியவர் அப்பா. அப்பாவுக்கு மலையாளம் நன்றாகப் பேச வரும், வாசிக்க வராது. பள்ளியில் நான் எழுதுவது மலையாளம்தான் என்றாலும் இதைத் தமிழில் எழுதுவது அதனால்தான். எல்லோரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் போன் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாளை ஞாயிறு. காலை ஏழு மணிக்கு அப்பா பழவங்காடிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த வணிக வளாகத்துக்கு மிச்ச வேலையை முடிக்கப் போகிறார். அவர் கிளம்புவதற்குள் இது அவர் கையில் இருக்க வேண்டும். அவர் போய்க் கைவைக்கப்போகிற குழாயைப் பற்றி, இன்று உயிரோடு இருப்பவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அக்கா அப்பாவோடு ஆறு வருடம் வேலை பார்த்தாள். தண்ணீரை மெஷினால் வேகமாகப் பீய்ச்சிச் சுவரிலும் தரையிலும் படிந்த பாசியைக் கழுவுகிற வேலை. மழைக்காலத்தில் இந்த ஊரில் அதற்குக் குறைவே கிடையாது. அப்பா மெஷினைப் பார்த்துக்கொள்வார், அக்கா குழாயைப் பார்த்துக்கொள்வாள். குழாய் பார்ப்பது ஒரு வேலையா என்று தெரியாதவர்கள் கேட்பார்கள். போனில் மேனேஜர்கள் "பைப்பொக்கெ உண்டு", குழாயெல்லாம் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். போய்ப் பார்த்தால், வெளியாட்கள் தண்ணீர் பிடிக்கக் கூடாது என்று திருகைக் கழற்றி வைத்திருப்பார்கள். ஒன்று இரும்புப் பெட்டிக்குள் பூட்டியிருக்கும். ஒன்றில் மரை தேய்ந்து ஹோஸ் பிடிக்காது. ஒன்றில் நூல் மாதிரி தண்ணீர் வரும். அக்காவின் பையில் ஒரு ஸ்பானர், பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் பட்டைகள், ஒரு வாளி எல்லாம் இருக்கும். தேய்ந்த மரையில் ரப்பரைச் சுற்றி ஹோஸை இறுக்கிவிடுவாள். வாளி நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்காமல் எந்தக் குழாயிலும் மெஷினை மாட்டமாட்டாள். "பைப்பப் பாத்து நம்பாத, வாளியப் பாத்து நம்பு" என்பாள். "மெஷினுக்குத் தாகம் எடுத்தா கத்தும் கேட்டியா. மனுசந்தான் சொல்லாமக் கெடப்பான்."

ஒருமுறை ஓர் இடத்தில், ஏற்கெனவே உடைந்திருந்த குழாயை நாங்கள்தான் உடைத்தோம் என்று சண்டைக்கு வந்தார்கள். அதற்குப் பிறகுதான் அப்பா குழாய்ச் சீட்டைக் கொண்டுவந்தார். வேலை தொடங்குவதற்கு முன் எல்லாக் குழாய்களையும் பார்த்து, எது எப்படி இருக்கிறது என்று எழுதி, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். மலையாளத்தில் எழுத ஆள் வேண்டுமே, அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போவேன். அக்கா குழாய் குழாயாகப் போய்ச் சத்தமாகச் சொல்லுவாள், நான் எழுதுவேன்.

அக்கா எந்தக் குழாயையும் எடுத்த எடுப்பில் பிடிக்கமாட்டாள். முதலில் புறங்கையால் தொடுவாள். பழைய கட்டடங்களில் குழாயில் கரண்ட் ஏறியிருக்கும். "உள்ளங்கை பட்டா, கை தானாப் பொத்திக்கிடும். விடாது. புறங்கைன்னா ஒதறி விட்டுரும்" என்று எனக்கும் பழக்கினாள். கரண்ட் இருக்கிற குழாயில் பழைய சேலையில் கிழித்த சிவப்புத் துணியைக் கட்டுவாள். அந்தத் துணி இருந்தால் அப்பா பக்கத்திலேயே போகமாட்டார்.

அந்த வளாகத்துக்கு முதன்முதலாகப் போனது போன மாதம். கடைகள் எல்லாம் அடைத்திருந்தன. வாசலில் குடையோடு காவல்காரச் சேட்டன் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"எந்தா பேரு?"

"இசக்கி."

"இசக்கியோ? அது யக்ஷியல்லே!"

"ஆமா சேட்டா. வெள்ளிக்கிழமை வந்தா சுண்ணாம்பு கேப்பேன். இன்னைக்கு ஞாயிறு, தண்ணி மட்டும் போதும்."

யக்ஷி வெள்ளிக்கிழமை ராத்திரியில் வழிப்போக்கர்களிடம் சுண்ணாம்பு கேட்பாள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. சேட்டன் சிரித்த சிரிப்பில் குடை நழுவி விழுந்தது. செய்தி கேட்டு இந்த வாரம் அவர் அப்பாவுக்குப் போன் செய்தாராம். "ஆ சுண்ணாம்பு சேச்சியோ?" என்று, அந்தச் சுண்ணாம்பு அக்காதானா என்று, இரண்டு தடவை கேட்டாராம்.

அங்கே மொத்தம் ஏழு குழாய்கள். ஆறு மேலே. ஏழாவது கீழே, வண்டி நிறுத்தும் இடத்தில், மாடிப்படிக்கு அடியில். அதை ஒட்டிய சுவருக்குப் பின்னால் மோட்டார் அறை. மேல் டாங்கில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் ஆள் இல்லாமலே ஓடும், தானே நிற்கும். அன்று முதல் மாடியில் திருகு இல்லாத குழாய் ஒன்றை அக்கா ஸ்பானரால் திறந்தாள். தண்ணீர் வரவில்லை. குழாய் உள்ளே இழுத்தது. அக்கா என் கையிலிருந்து ஒரு காகிதத் துண்டை வாங்கி அதன் வாயருகே காட்டினாள். காகிதம் போய் ஒட்டிக்கொண்டது.

"கீழ எங்கயோ ஒரு பைப்பத் தொறந்திருக்காவ. அதான் இது இழுக்கு."

"யாருக்கா? இங்க நாம மட்டும்தானே இருக்கோம்?"

"நம்ம யக்ஷிதான் குளிக்கா போல" என்று சிரித்தாள். அவள் சிரித்து முடிப்பதற்குள் காகிதம் தானாக உதிர்ந்து விழுந்தது. கீழே யாரோ குழாயை அடைத்த மாதிரி. நாங்கள் இறங்கிப் போனோம். யாரும் இல்லை. ஏழாவது குழாய் அடைத்திருந்தது. அதன் கீழே தரை மட்டும் நனைந்திருந்தது. அக்கா கொஞ்ச நேரம் அந்த ஈரத்தையே பார்த்தாள். பிறகு புறங்கையால் குழாயைத் தொட்டு, வாளி வைத்து, "நல்ல பைப்பு, எழுதிக்க" என்றாள். நன்றாக இருக்கிறது என்பதற்கு மலையாளத்தில் "கொள்ளாம்" என்று எழுதினேன். படியேறும்போது அக்கா என்னை முன்னால் விட்டுப் பின்னால் வந்தாள்.

போன ஞாயிறு மறுபடியும் அங்கேதான் வேலை. எனக்குக் கீழே போகப் பயம். அக்கா தெருவில் ஹோஸை இறக்கிக்கொண்டிருந்தாள். "இந்த ரவுண்டு நீயே பாத்து எழுதிரு. ஒனக்குத்தான் தெரியுமே" என்றாள். நான் மேலே ஆறையும் பார்த்தேன். ஏழாவதைப் பார்க்கவில்லை. படியில் உட்கார்ந்து, போன மாதச் சீட்டில் இருந்ததையே ஏழாவது வரியில் பார்த்து எழுதினேன். மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

பதினொரு மணிக்கு மேல்தளக் குழாய்களில் தண்ணீர் குறைந்து மெஷின் கத்த ஆரம்பித்தது. அக்கா ஹோஸைத் தூக்கிக்கொண்டு கீழே போனாள். நானும் போனேன்.

"ஏழு பாத்தியாட்டி?"

"பாத்தேன்."

"புறங்கை வெச்சியா?"

"வெச்சேங்க்கா."

சொன்ன பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்று திருகைத் திருப்பக் கையை நீட்டினேன். அந்த நேரத்தில் சுவருக்குப் பின்னால் மோட்டார் தானாக ஓடத் தொடங்கியது. அதில் என்ன கேட்டாளோ தெரியாது, அக்கா என் கையை ஓங்கித் தட்டிவிட்டாள். தட்டிய வேகத்தில் அவள் உள்ளங்கை குழாயில் போய் விழுந்தது. பொத்திக்கொண்டது. விடவில்லை. அக்கா அலறவில்லை. மோட்டாரின் சத்தமே அவள் வாயிலிருந்தும் வந்தது. பிறகு முழங்கால் மடங்கி விழுந்தாள். விழுந்த கனத்தில்தான் கை பிய்ந்து வந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எழுந்து உட்கார்ந்தாள். உள்ளங்கையில் வெள்ளையாக ஒரு புள்ளி இருந்தது. "ஒண்ணுமில்லட்டி, அழாத" என்றாள். மோட்டார் நின்றதும் அக்கா மறுபடியும் குழாயைத் தொட்டாள், புறங்கையால். ஒன்றும் இல்லை. "பாத்தியா. மோட்டார் ஓடையிலதான் புடிக்கி. நின்னுட்டுன்னா புறங்கை வெச்சாலும் தெரியாது."

இடுப்பிலிருந்து சிவப்புத் துணியை எடுத்தாள். கட்டப்போனவள் என்னைப் பார்த்தாள். துணியை என் கையில் வைத்து மூடினாள்.

"இதக் கட்டினா, சீட்டு எழுதினது யாருன்னு ஒங்கப்பா கேப்பாரு. ஒன்ன இனி கூட்டிட்டே வரமாட்டாரு. அடுத்த ஞாயிறுக்குள்ள நானே அவர்ட்ட பக்குவமாச் சொல்லிக்கிடுதேன். நீ வாயத் தொறக்காத."

மேலே வந்து அப்பாவிடம், "பசி மயக்கம் அண்ணாச்சி, கீழ் வேலைய அடுத்த வாரம் பாப்போம்" என்றாள். அப்பா, "காலையில திங்காம வந்தா இப்படித்தான். ரேவு, அக்காவுக்கு ரெண்டு தோசை வாங்கிக் குடு" என்றார். அக்கா ஒரு தோசையைத் தின்றுவிட்டு மற்றதை என்னிடம் தள்ளினாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா டீ போட்டாள். அக்கா டீயைக் குடிக்காமல் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரேவு, இங்க எங்கயாவது மோட்டார் ஓடுதா?"

"இல்லக்கா."

"எனக்கு நேத்துலேருந்து கேக்கு. பக்கத்துலதான் எங்கயோ ஓடுது." பிறகு சிரித்தாள். "போகும் போகும்." இரண்டு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள். அப்பா அன்று வேலையிலிருந்து திரும்ப நேரமாகிவிட்டது. அக்கா அவரிடம் சொல்லத்தான் வந்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் போன் வந்தது.

இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். குழாயால்தானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் குழாயைப் பற்றி டாக்டரிடம் சொல்ல அங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. வள்ளியூர் பக்கம் அவள் ஊருக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியபோது நான் யூனிபார்மோடு தெருமுனையில் நின்றேன். வண்டி நின்றுகொண்டே உறுமிய சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டேன். பொத்திய பிறகும் கேட்டது. இப்போதும் கேட்கிறது.

துணியை ஜாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்திருக்கிறேன். திறக்கும்போதெல்லாம் ஈரமாக இருக்கிறது. மழைக்காலம், எதுவும் காயாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதே பெட்டிக்குள் இருக்கிற காகிதங்கள் காய்ந்துதான் இருக்கின்றன.

இன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா சீட்டை எடுத்தார். விரலை ஒவ்வொரு வரியாக இறக்கி ஏழாவதில் நிறுத்தினார். "கொள்ளாம்" என்று வாசித்தார். மலையாளத்தில் அப்பாவுக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே சொல் அது. நான்தான் சொல்லிக்கொடுத்தேன். "ஏழு நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு நேரே அதுலயே மாட்டிரலாம். இசக்கி இல்லேல்லா, நானே பாத்துக்கிடணும்" என்றார். அக்கா சொல்லியிருக்கவில்லை என்று அப்போதுதான் உறுதியாகத் தெரிந்தது. வாயைத் திறந்தேன். அம்மா, "என்ன மக்களே, ரசம் ஊத்தவா?" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அப்பா, புறங்கை வைத்துப் பார்த்தாலும் அந்தக் குழாய் உங்களை ஏமாற்றிவிடும். மோட்டார் எப்போது ஓடும் என்று யாருக்கும் தெரியாது. நான் எழுதியது பொய். நான் அதைப் பார்க்கவே இல்லை. அக்காவைக் கோபிக்காதீர்கள், அவள் மறைத்தது எனக்காக. இனி என்னை வேலைக்குக் கூட்டிப்போக வேண்டாம்.

அக்காவிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்வது புறங்கையை மட்டும்தான். செவ்வாய்க்கிழமையிலிருந்து பள்ளிக் குழாய், வீட்டுக் கதவு, பஸ் கம்பி எல்லாவற்றையும் புறங்கையால் தொட்டுவிட்டுத்தான் பிடிக்கிறேன். பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். துணியை நான் வைத்துக்கொள்ளப் போவதில்லை. இந்தத் தாள்களைச் சுருட்டி, அந்தத் துணியால் கட்டி, ஹோஸின் பித்தளை முனையில் முடிச்சுப் போடப்போகிறேன். காலையில் அப்பா முதலில் எடுப்பது ஹோஸைத்தான். சிவப்புத் துணியைக் கண்டால் கைவைக்காமல் நின்றுவிடுவார். நின்று, அது என்னவென்று பார்ப்பார்.

ஹோஸ் வெளியே குழாயடியில் கிடக்கிறது. கதவைத் திறந்துகொண்டு போக வேண்டும். குழாய் காற்றை இழுக்கிற சத்தம் கேட்கிறது. தண்ணீர் வருகிற நேரம் இன்னும் ஆகவில்லை. கடைசியாகச் சீட்டைத் திருத்தி எழுதிவிட்டுப் போகிறேன்.

ஏழாவது குழாய்: தண்ணீர் உண்டு. மோட்டார் ஓடும்போது கரண்ட் உண்டு. தொடக்கூடாது.
பார்த்தது: இசக்கியம்மாள்.
எழுதியது: ரேவதி.