முழங்காலும் நேசமணி அண்ணையின் வானும்

என் கணவர் அருட்செல்வத்துக்கு முப்பத்தெட்டு வயதில் ஸ்னோபோர்ட் பைத்தியம் பிடித்தது. நோர்வேயில், நாங்கள் இருக்கிற ஸ்டோவ்னரில் மற்றத் தமிழ் அப்பாமார் பிள்ளைகளைப் பனிச்சரிவில் இறக்கிவிட்டுக் காருக்குள் இருந்து தேத்தண்ணீர் குடிப்பார்கள். இவர் ஒரு பனிச்சறுக்குப் பலகையை வாடகைக்கு எடுத்துக் காலில் பூட்டிக்கொண்டு விழப் போய்விட்டார். பிள்ளைகளுக்கு அலுத்துப்போனது. இவருக்கு அலுக்கவில்லை.

2005 தையில் விழுந்ததில் முழங்கால் சவ்வு அறுந்தது. சத்திரசிகிச்சை, ஊன்றுகோல், ஒரு வருடம் வீட்டோடு. கடைக்கு, கோயிலுக்கு, கலியாண வீட்டுக்கு என்று யாராவது ஒருவரின் காரில் ஏற்றி இறக்கினோம். சப்பாத்து நாடாவை நான்தான் கட்டிவிடுவேன். வாசலைத் தாண்டுமுன் சுவரில் சாய்ந்து நின்று அதை அவிழ்த்துத் திரும்பவும் தானே கட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கட்டினது பிழையா என்று கேட்டால், "இல்லை, நல்லாத்தான் கட்டினீர்" என்பார்.

அடுத்த வருடம் மே மாதம் திட்டத்தைச் சொன்னார். வீட்டு வாசலிலிருந்து வால்ட்ரெஸ் மலையடிவாரம் வரை சைக்கிள். அதற்கு மேல் பலகையைச் சுமந்து நடை. உச்சியிலிருந்து சறுக்கி இறங்கித் திரும்பவும் சைக்கிள். பஸ், கார், ரயில் ஒன்றும் கிடையாது.

"உங்களுக்கென்ன விசரே? ரெயினிலை போய்ச் சறுக்கிப்போட்டு வாங்கோவன்."

"இந்தக் கால் என்ரைதானோ எண்டு பாக்கவேணும், தேவிகா."

அவர் பலகையைப் பழைய டியூப் ரப்பரால் கரியரில் வரிந்து கட்டினார். யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத காலத்தில் அலுமாரியையே சைக்கிளில் கொண்டுபோனவருக்கு அது பெரிய வேலையில்லை. நான் ரொட்டியும் கட்டைச் சம்பலும் கட்டிக் கொடுத்தேன். கோபத்தில் உறைப்பைக் கொஞ்சம் கூட்டித்தான் போட்டேன்.

மலைக்கு முந்தின ஊரான ஃபாகர்நெஸ் வரை பிரச்சினையில்லை. அங்கே நல்ல மழை. அந்த ஊரில் இருக்கிற நேசமணி அண்ணை கோயில் திருவிழாக்களில் பழக்கமானவர். மழைக்குள் சைக்கிள் உருட்டிப்போகும் தமிழரைக் கண்டதும் தன் வான் வண்டியை நிறுத்திவிட்டார். நோர்வேக்காரன் இப்படிப் போனால் அதற்குப் பெயர் 'தூர்', உல்லாசப் பயணம். தமிழன் போனால் கார் பழுது, இல்லாவிட்டால் வீட்டில் சண்டை. உடனே எனக்குப் போன் வந்தது.

"தங்கச்சி, உங்களுக்குள்ளை ஏதும் கொழுவலோ?"

"ஒண்டுமில்லை அண்ணை. அவர் தூர் போறார்."

"ஓம், ஓம்" என்றார், துளியும் நம்பாமல்.

அன்று அவரைத் தன் வீட்டில் தங்கவைத்துக் கோழிக்கறியும் சோறும் கொடுத்தார். காலையில் இவர் எழும்புமுன் சைக்கிளையும் பலகையையும் வானில் ஏற்றிப்போய், பெரிய ஏற்றமெல்லாம் தாண்டி மலையடிவாரத்தில் இறக்கி வைத்துவிட்டு வந்தார்.

"ஏறும் தம்பி, சைக்கிள் மேலை நிக்குது. இனி உமக்கு நடக்கிறது மட்டும்தான்" என்றாராம், முகமெல்லாம் சிரிப்பாக.

அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் இவரால் ஏச முடியவில்லை. வானில் ஏறினார். மேலே போய் நன்றி சொல்லிவிட்டு, சைக்கிளைக் கீழே திருப்பினார். ஃபாகர்நெஸ் வரை மிதித்துப்போய் அண்ணையின் வீட்டு வாசற்படியைத் தொட்டார். பிறகு வானில் கடந்த அதே ஏற்றத்தை அங்கிருந்து மறுபடி மிதித்து ஏறத் தொடங்கினார்.

அண்ணை திரும்பவும் எனக்குப் போன் எடுத்தார். குரல் உடைந்திருந்தது.

"தங்கச்சி, மனிசன் படியைத் தொட்டிட்டுப் போறார். நான் என்ன பிழை விட்டனான்?"

"ஒரு பிழையும் இல்லை அண்ணை. நீங்கள் நல்லாத்தான் கொண்டுபோய் விட்டனீங்கள்."

சொல்லி முடித்ததும் அந்தச் சப்பாத்து நாடா ஞாபகம் வந்தது. ஒரு வருடமாக எனக்கு விளங்காதது அப்போதுதான் விளங்கியது. போனை வைத்துவிட்டு அழுதேன்.

அதற்கு இரண்டாம் நாள் மலையிலிருந்து அவரே போனில் கதைத்தார். உச்சியில் நல்ல வெயிலாம். பனி மேலாக இளகிச் சறுக்கத் தோதாக இருந்ததாம். ஒருதரம் விழுந்தாராம், தானே எழும்பினாராம்.

"முழங்கால்?"

"வீங்கிப் போச்சு. ஆனா என்ரைதான்."

ஒரு கிழமை கழித்து வாசலில் சைக்கிள் மணி கேட்டது. கறுத்து மெலிந்து வந்து படியில் இருந்தார். பழக்கத்தில் என் கை அவர் சப்பாத்துக்குப் போனது. சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் காலை என் பக்கம் நீட்டினார்.

"இஞ்சரும், நாடா இறுகிப்போச்சு. அவிட்டுவிடும்."

நான் குந்தியிருந்து மெல்ல அவிழ்த்தேன். அவர் காலை இழுக்கவில்லை.