சகலையின் கண்ணாடிக் குழாய்

லேசர் மெஷின் தொழிலில் பாதி வேலை பலகை வெட்டுவது, மீதி வேலை உள்ளே லேசர் பிறக்கும் கண்ணாடிக் குழாய் உடையாமல் பார்த்துக்கொள்வது. மெஷின் வைத்திருக்கும் உங்களுக்கு இது தெரியும். அதே மெஷினைச் சகலையும் வாங்கிவிட்டால் என்ன பாடு என்பது எனக்குத்தான் தெரியும். நான் காரைக்குடி. என் மனைவி மீனாவின் தங்கை வீட்டுக்காரர் செல்வம் புதுவயல். மாமனார் வீட்டில் இலை போட்டதுமே "செல்வம் மெஷின் என்னமா ஓடுது" என்று ஆரம்பித்துவிடுவார்கள். எனக்குச் சோறு இறங்காது.

குமிழி

புதுக் குழாயை ரப்பர் வைத்துப் பக்குவமாக மாட்டினேன். பம்பைப் போட்டதும் குழாயைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடியது. ஆனால் குழாய்க்குள் சுண்டைக்காய் அளவு காற்றுக் குமிழி ஒன்று நகர மாட்டேன் என்றது. அது நிற்கிற இடத்தில் தண்ணீர் படாது, சூடேறிக் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். தட்டினேன், ஆட்டினேன், முருகனைக் கூப்பிட்டேன். வந்தது செல்வம். குழாயை அரைச்சுற்று திருப்பி, தண்ணீர் வெளியேறும் மூக்கை மேல்பக்கம் கொண்டுவந்தார். குமிழி ஓடியே போனது. எனக்கு நன்றி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மீனா முதல் காபியை அவரிடம் நீட்டிவிட்டு என்னைப் பார்த்தாள்: "இம்புட்டு நேரம் அதோட மல்லுக்கட்டுனீகளே, செல்வம் தம்பிக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல?"

ஊற்றுத் தண்ணீர்

கானாடுகாத்தானில் ஓட்டலாக மாறிய ஒரு பெரிய வீட்டில், எல்லா அறைகளுக்கும் மரத்தில் பெயர்ப்பலகை வேண்டும் என்றார்கள். என்னிடமும் செல்வத்திடமும் மாதிரி கேட்டார்கள். அந்த வேலை கிடைத்தால் மாமனார் வீட்டில் நானும் தலைநிமிர்ந்து சாப்பிடலாம். அதனால் மெஷினுக்கு ராஜ உபசாரம் செய்தேன். எங்கள் ஊர் ஊற்றுத் தண்ணீரின் ருசி ஊரறிந்தது, சம்பந்தி வீட்டார்கூடக் கேனில் பிடித்துப் போவார்கள். அதையே பம்பு வாளி நிறைய ஊற்றினேன்.

அங்கேதான் பிசகியது. குடிக்கிற தண்ணீரில் இருக்கும் உப்பு, குழாயில் பாயும் மின்சாரத்தைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொள்ளுமாம். லேசர் சோர்ந்துபோய், பலகை பாதி வெட்டுப்பட்டுப் பாதி கரிந்தது. செல்வம் ஊற்றியிருந்தது உப்பும் இல்லாத, ருசியும் இல்லாத பேட்டரித் தண்ணீர். வேலை அவருக்குப் போனது. ஓட்டல் மேனேஜர் என் பலகையை முகர்ந்து பார்த்தார்: "என்ன சார், வெட்டச் சொன்னா சுட்டுக் கொண்டாந்திருக்கீக?"

துக்கம் விசாரிப்பு

பாதிப் பலகைகள் முடிந்திருந்த சமயம் செல்வத்தின் குழாய் வெடித்துவிட்டது. கரண்ட் போனதும் மெஷின் இன்வெர்ட்டரில் ஓடியிருக்கிறது. பம்பை மட்டும் இன்வெர்ட்டரில் கொடுக்க மறந்திருக்கிறார். தண்ணீர் நின்றுபோனால் கண்ணாடி என்ன செய்யும், பாவம். செய்தி கேட்டதும் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அதற்காகப் போகாமல் இருக்க முடியுமா? அரிசி மில் லாரிகளுக்கு நடுவே பைக்கில் சிரித்துக்கொண்டே போனேன். அவர் தெரு வந்ததும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். செல்வம் உடைந்த குழாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அடடா" என்று நான் ஆரம்பிப்பதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டார்: "அண்ணே, மிச்சப் பலகைய உங்க மெஷின்ல வெட்டிக் குடுங்க. வெளிய குடுத்தேன்னு மட்டும் ஓட்டல்ல மூச்சு விட்றாதீக, வேலையப் புடுங்கிருவாக."

ஒப்படைப்பு

மறுத்தால் மீனாவிடம் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது? பேட்டரித் தண்ணீர் ஊற்றி, குமிழி இல்லை என்று பார்த்துக்கொண்டு வெட்டினேன். அப்படி ஒரு வெட்டு என் கையில் அதுவரை விழுந்ததில்லை. பெயரைச் சுற்றிய தாமரை இதழ்கள் ஒவ்வொன்றும் பிசிறில்லாமல் வந்திருந்தன. ஒப்படைக்க இருவருமாகப் போனோம். செல்வம் மீதிப் பலகைகளை இறக்க வண்டிக்குப் போயிருந்தார். மேனேஜர் நான் வெட்டியதில் ஒன்றை எடுத்து, விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு அதை என் கையிலேயே கொடுத்தார்: "பாத்தீகளா சார், இதுதான் வேலை. கொஞ்ச நாளைக்குச் செல்வம் சார்கிட்ட போய்க் கத்துக்கங்களேன்."

குழாயின் சூட்டுக்கு ஒரு வாளி பேட்டரித் தண்ணீர் போதும், நான் வெட்டிய பலகையைப் பார்த்து நானே பொறாமைப்பட்ட சூட்டுக்குத்தான் இன்னும் எந்தக் கடையிலும் பம்பு கிடைக்கவில்லை.