லோகநாயகியின் முட்டுக்கட்டை

2022 ஏப்ரல் 4, திங்கட்கிழமை. கடலூரில் டீசல் நூறு ரூபாயைத் தாண்டியிருந்தது. இரண்டு வாரமாகவே, ஊர் பல் தேய்ப்பதற்கு முன்பாக எண்பது பைசா ஏறிவிடுகிற வழக்கம் வந்துவிட்டது. முதுநகர் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் அன்று பதினெட்டு வண்டிகள் இருந்தன. பதினேழை ஓட்டியவர்கள் ஆண்கள். பதினெட்டாவது வண்டி லோகநாயகியுடையது. வயது முப்பத்தெட்டு, ஓட்டத் தொடங்கி ஆறு வருஷம்.

சண்டை முந்தைய நாள் சாயங்காலமே ஆரம்பித்திருந்தது. ஸ்டாண்டு செயலாளர் சுப்பிரமணியன் டீக்கடை வாசலில் எல்லோரையும் கூட்டினார். முதுநகரிலிருந்து செம்மண்டலம் போகப் பதினைந்து ரூபாய். அதில் கை வைக்க முடியாது என்றார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமே கிடையாது. ஒரு ரூபாய் ஏற்றினாலும் பாதிக் கூட்டம் பஸ்ஸுக்குப் போய்விடும்.

"பின்னால வழக்கம்போல ஆறு பேரு. டிரைவர் சீட்டுல இந்தாண்ட ஒருத்தரு, அந்தாண்ட ஒருத்தரு. ரெண்டு டிக்கெட்டு ஜாஸ்தி. டீசலுக்குச் சரிக்கட்டிடும்" என்றார்.

"பாண்டி எல்லையத் தாண்டிப் போயி போட்டுக்னு வந்தா என்னா மச்சான்? அங்க சல்லிசு" என்று ராபர்ட் கேட்டான். வரிசையில் எப்போதும் லோகநாயகிக்கு அடுத்த வண்டி அவனுடையது.

"நீ டீசல் மட்டும்தான் போட்டுக்னு வருவியா?" என்றார் சுப்பிரமணியன்.

எல்லோரும் சிரித்தார்கள். சிலோனில் காசு வைத்துக்கொண்டே பங்க் வாசலில் ராத்திரி பகலாக நிற்கிறார்கள், நமக்கு டீசலாவது கிடைக்கிறது என்று ஒருவர் சமாதானம் சொன்னார். லோகநாயகி சிரிக்கவில்லை, சமாதானமும் ஆகவில்லை. ஷேர் ஆட்டோவின் டிரைவர் சீட்டு ஒருவருக்கான அகலம். இரண்டு பக்கமும் ஆள் ஏறினால் ஓட்டுபவர் நடுவில் ஒடுங்க வேண்டும். ஹேண்டிலைத் திருப்பினால் முழங்கை யார் நெஞ்சிலாவது இடிக்கும். வேகத்தடை வந்தால் மூன்று பேர் தொடையும் ஒன்றாகிவிடும்.

"நான் ஏத்த மாட்டேன்" என்றாள்.

"பொம்பளையா பாத்து ஒக்கார வெச்சிக்க" என்றார் சுப்பிரமணியன்.

"எந்தப் பொம்பள முன்னால தொங்கிக்னு வருவா? வர்றது ஆம்பளைங்கதான். நான் இருபது வாங்குறேன். ஆறு பேரு, ஆளுக்கு இருபது. உங்களுக்கு எட்டு பேரு, ஆளுக்குப் பதினஞ்சு. ரெண்டும் நூத்தி இருபதுதான்."

"ஒனக்கு மட்டும் தனி ரேட்டா?"

"டீசலுக்கு வெல ஏத்துனது எவனோ. அதுக்கு என் இடுப்ப எதுக்குய்யா நெரிக்கணும்?"

சுப்பிரமணியன் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே தீர்ப்பைச் சொன்னார். "பதினஞ்சு, முன்னால ரெண்டு பேரு. இஷ்டம் இல்லன்னா வரிசையில நிக்காத."

வரிசையில் இடமில்லாத வண்டி ரோட்டில் ஆளைத் தேடி அலைய வேண்டும். அலைந்தால் டீசல் போகும். அந்த இடத்துக்காக அவள் ஆறு வருஷத்துக்கு முன் நான்கு மாதம் கடைசி வண்டியாக நின்றவள்.

வீட்டுக்கு வந்ததும் குவைத்திலிருந்து கணவன் சிங்காரம் கூப்பிட்டான். அவனும் டிரைவர்தான், ஒரு வீட்டுக் காருக்கு. பேச்சுக்குப் பின்னால் இன்ஜின் இரைச்சல் கேட்டது.

"வண்டி ஓடுதா மாமா?"

"நிக்குது. மேடம் கடைக்குள்ள போயிருக்காங்க. அவுங்க வர்றப்ப உள்ள சில்லுனு இருக்கணும், ஏசி போட்டு வெச்சிருக்கேன்."

"எவ்வளவு நேரமா?"

"ரெண்டு மணி நேரமிருக்கும்."

ரயில்வே கேட்டில் அரை நிமிஷம் நின்றாலும் இன்ஜினை அணைக்கிறவள் லோகநாயகி. அங்கே பெட்ரோல் லிட்டர் எண்பத்தைந்து ஃபில்ஸ், நம்ம காசில் இருபத்தொரு ரூபாய்தான் என்று அவன் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். ஆனாலும் அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு அவளால் ஒழுங்காகப் பேச முடியவில்லை. ஸ்டாண்டில் நடந்ததைச் சொன்னாள்.

"ஓட்டுனது போதும், வித்துடு. நான்தான் அனுப்புறேனே" என்றான் சிங்காரம்.

"மேடம் கடையிலேர்ந்து வர்றதுக்குள்ள நீ ஒரு டீ குடிக்கப் போவ முடியுமா?"

"அது எப்படி முடியும்?"

"ஒன் சீட்டு அவுங்களது மாமா. என் சீட்டு என்னோடது. விக்க மாட்டேன்."

"எவனாவது மேல கை வெச்சா போன் பண்ணு" என்றான். பண்ணினால் குவைத்திலிருந்து என்ன செய்வாய் என்று அவள் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு அவள் முறை வந்தது. ஸ்டாண்டு இருந்தது ஒரு சந்தில். ஒரு பக்கம் கடைச் சுவர், மறுபக்கம் சாக்கடை. முன்வண்டி நகர்ந்தால்தான் பின்வண்டி நகரும். லோகநாயகி கண்ணாடிக்குக் கீழே ஓர் அட்டையைச் செருகினாள்: 'செம்மண்டலம் 20. முன்னால் இடம் இல்லை.'

இரும்புக்கடையில் வேலை பார்க்கும் கார்த்திகேசன் அட்டையைப் படித்துவிட்டு, படிக்காதவர்போல அவள் சீட்டின் ஓரத்தில் பாதி உட்கார்ந்தார்.

"அண்ணே, எறங்குங்க."

"அரை சீட்டுதானம்மா கேக்குறேன்."

"அரை டிக்கெட்டு வாங்குற வயசு ஒங்களுக்குத் தாண்டிப்போச்சு. எறங்குங்க."

அவர் இறங்கினார். பத்து நிமிஷம் போயிற்று. வந்தவர்கள் அட்டையைப் பார்த்துவிட்டு டவுன் பஸ் வரும் பக்கம் நடந்தார்கள். பின்னாலிருந்து ராபர்ட் ஹாரன் அடித்தான், அவனுக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் அடித்தார்கள். சுப்பிரமணியன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"வண்டிய எடுத்துக்னு போ லோகநாயகி. எல்லார் பொழப்புலயும் முட்டுக்கட்ட போடாத."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. அவள் அப்பா செம்பியன் சிதம்பரத்தில் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் என்பது ஸ்டாண்டுக்கே தெரியும். வருஷத்தில் இரண்டு நாள் தேர்ச் சக்கரத்துக்கு அடியில் கட்டை. மற்ற நாளெல்லாம் அரிசி மில்லில் மூட்டை. மகள் வண்டியின் ஹேண்ட் பிரேக் சரியில்லை என்று தெரிந்து, அவர் ஒரு சின்னக் கட்டையைச் சீவிக் கொடுத்திருந்தார்.

லோகநாயகி இறங்கினாள். சீட்டுக்கு அடியிலிருந்து அந்தக் கட்டையை எடுத்து முன்சக்கரத்துக்குக் கீழே வைத்து, குதிகாலால் ஓர் உதை விட்டாள்.

"எங்கப்பா கட்ட போடலன்னா தேரு மொனையில திரும்பாது, நேரா கடைக்குள்ள பூந்துடும். போட்டாதான் போற வழிக்குப் போவும். ஆறு பேரு ஏறட்டும், எடுக்குறேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஹாரனும் நின்றது.

மீன் கூடையோடு வந்த அமிர்தம் இதையெல்லாம் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் செம்மண்டலத்தில் தெருத்தெருவாக மீன் விற்பவள். கூடையோடு பஸ்ஸில் ஏறினால் ஆளுக்கு ஆள் மூக்கைப் பிடிப்பார்கள் என்பதால் ஆட்டோதான் அவளுக்கு.

"இருபதா?" என்றாள்.

"இருபதுதாங்க்கா."

"அஞ்சு ரூவாய்க்கு ஒரு மீனு போவும்டி எனக்கு." அமிர்தம் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "எவன் முட்டியும் வந்து இடிக்காதில்ல?"

"என்னையே இடிக்கக் கூடாதுங்கறேன்."

அமிர்தம் கூடையை உள்ளே தள்ளிவிட்டு ஏறினாள். ஜவுளிக்கடைக்குப் போகும் அனுப்பிரியாவும் சிந்துஜாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அவள் பின்னால் ஏறினார்கள். அடுத்து இரண்டு கல்லூரிப் பெண்கள். ஆறாவது ஆள் வரவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள், ராபர்ட்டும் கழுத்தை நீட்டிப் பார்த்தான். கடைசியில் கார்த்திகேசன் சட்டைப்பையைத் தடவியபடி பின்பக்கம் வந்தார்.

"கடை தொறக்க நேரமாச்சு" என்று யாரிடமோ சொல்லிவிட்டு ஏறி, முழு சீட்டில் உட்கார்ந்தார்.

லோகநாயகி கட்டையை உருவினாள். சுப்பிரமணியன் வண்டி முறை எழுதிச் சுவரில் மாட்டியிருந்த கரும்பலகைக்குப் போய் அவள் பெயரை உள்ளங்கையால் அழித்தார்.

"இனி இந்த ஸ்டாண்டுல ஒனக்கு முறை இல்ல."

"சரி. கையத் தொடச்சிக்குங்க, சாக்பீஸ் தூளா இருக்குது" என்று சொல்லி வண்டியை எடுத்தாள்.

கெடிலம் பாலத்து இறக்கத்தில் டீசல் மிச்சமாக வழக்கம்போல நியூட்ரலுக்குத் தட்டினாள். வண்டி தானாக உருண்டது. இன்ஜின் சத்தம் தணிந்ததும் பின்னாலிருந்து அமிர்தத்தின் குரல் கேட்டது.

"நாளைக்கு எங்கடி நிப்ப?"

"தெரிலக்கா. நீ எங்க ஏறுவ?"

"மீன் மார்க்கெட் மொனையில. ஆறு மணிக்கு. கூடைக்காரிங்க நாலு பேர கூட்டியாறேன். ஒருத்திக்கு மட்டும் வாய் ஜாஸ்தி, ரேட்டு பேசுவா. கொறைக்காத."

செவ்வாய்க்கிழமை டீசல் இன்னும் எண்பது பைசா ஏறியது, புதன்கிழமையும் ஏறியது. இரண்டு நாளும் காலை ஆறு மணிக்கு மீன் மார்க்கெட் முனையிலிருந்து லோகநாயகியின் முதல் வண்டி செம்மண்டலத்துக்குக் கிளம்பியது. கட்டணம் இருபது.