மூன்றாவது குழி

எனக்குக் கோபம் வந்தால் முதலில் கையில்தான் தெரியும். குடல் செல் வளர்க்கிறவளுக்கு அது ஆகாது.

கண்டியில் ஒரு ஆய்வுகூடத்தில் நாங்கள் இரண்டு பேர் உதவியாளர்கள். நான் மாத்தளை டவுனில் பலசரக்குக் கடைக்காரர் மகள். அவள் பக்கத்து ஊர் பலாபத்வலக்காரி, என்னைவிட மூன்று வயது இளையவள். ஒரே ரயிலில்தான் போய்வந்தோம். அந்த வருடம் திட்டப் பணம் குறைந்துவிட்டது. ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும், யாருடைய செல் ஒழுங்காக வளர்கிறதோ அவர் இருக்கட்டும் என்று ஆய்வுகூடத்தை நடத்தும் மேடம் சொல்லிவிட்டார்.

ஆபரேஷனில் வெட்டியெடுத்த குடலின் நோயில்லாத ஓரம், நோயாளியின் சம்மதத்தோடு, ஐஸில் வரும். ஆளுக்குப் பாதி. கழுவி, மருந்தில் ஊறவைத்து, டியூபைக் கையால் ஆட்டினால் குடல் சுவரிலிருந்து கண்ணுக்குத் தெரியாத சிறு பைகள் கழன்று வரும். வேகமாக ஆட்டினால் அவை உடைந்து, தனித்தனி செல்லாகிச் செத்துப்போகும். முழுதாக வந்ததைக் குளிர்ந்த ஜெல்லில் கலந்து, தட்டிலுள்ள குழிகளில் சொட்டாக விட்டு, மேலே சத்து நீர் ஊற்றி வளர்க்க வேண்டும்.

"மெதுவா ஆட்டுங்கக்கா, அது எங்கயும் ஓடிறாது" என்பாள். அப்படிச் சொன்னாலே இன்னும் வேகமாக ஆட்டுவேன். மூன்றாம் நாள் என் தட்டில் வெறும் தூசு. அவள் தட்டில் பளபளவென்று உருண்டைகள், ஒரு வாரத்தில் அவற்றில் மொட்டு. மேடம் அதைப் பார்க்க உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டார். எனக்கு வயிறு எரியும். அவளுடைய நீண்ட விரல்களைக்கூடப் பார்க்கப் பிடிக்காமல் போனது.

"நாளைக்கு அம்மன் தேர். என்னால வர ஏலாது. என் பிளேட்டுக்கு மீடியம் மட்டும் மாத்தி விட்டுருவீங்களாக்கா?" என்று ஒருநாள் கேட்டாள். ரமழான் நோன்பு மாதத்தில் என் வேலையையும் சேர்த்துச் செய்தவள் அவள். மறுக்க எனக்கு வாயில்லை.

மறுநாள் ஆறு குழிகளிலும் பழைய சத்து நீரை உறிஞ்சிவிட்டுப் புதிதாக விட வேண்டும். உறிஞ்சும் பைப்பெட் முனை ஜெல்லைத் தொட்டால் சொட்டும் சேர்ந்து மேலே ஏறிவிடும். இரண்டு குழிகளை ஒழுங்காகச் செய்தேன். மூன்றாவதில் முனையைச் சாய்த்தேன். சொட்டு போய்விட்டது. கை தவறவில்லை, நானேதான் செய்தேன். உடனே பயம் பிடித்துக்கொண்டது. மற்ற மூன்றையும் ஒழுங்காகவே செய்து முடித்தேன்.

அடுத்த நாள் காலை ரயிலில், நெற்றியில் திருநீறோடு, எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருந்தாள்.

"மூணாவது குழி போயிருச்சு. கை தவறிருச்சு" என்றேன்.

அவள் முகம் வாடியது. அது எனக்குள் கொஞ்சம் இனிக்கவும் செய்தது.

"அடக் கடவுளே, அது உங்களோடதுக்கா."

"என்னது?"

"போன தடவை நீங்க கோவத்துல டியூபை அப்படியே வச்சிட்டுப் போனீங்கல்ல? அடியில கொஞ்சம் முழுசா இருந்துச்சு. அதைத்தான் மூணாவதுல வச்சேன். மொட்டு விட்டதும் உங்களோடதுன்னு மேடம்கிட்ட காட்டலாம்னு இருந்தேன். அதுவரைக்கும் சொல்ல வேணாம்னு நினைச்சேன்."

எனக்கு வெட்கம் வந்தது, வராமலில்லை. ஆனால் அதற்கு முன்னால் வந்தது பொறாமைதான். கை மட்டுமா, மனசும் அல்லவா இவளுக்கு நன்றாக வாய்த்திருக்கிறது.