தானாக வந்த வேன்

வியாழன், மாலை 5.20. பினாங்கு, பாயான் லெப்பாஸ் விமான நிலையம்.

திருவனந்தபுரத்திலிருந்து கோலாலம்பூருக்கு நான்கு மணி நேரம். அங்கே ஆறு மணி நேரக் காத்திருப்பு. பிறகு பினாங்குக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நாகர்கோவிலில் ஒரு கூட்டுறவு வங்கியில் கிளார்க்காக இருக்கும் எனக்கு இதுதான் முதல் வெளிநாடு. பினாங்குக்கு வருகிறவர்கள் சுவர் ஓவியம் பார்க்க வருவார்கள், இல்லையென்றால் சாப்பிட வருவார்கள். நான் நான்கு பக்கக் கட்டுரை ஒன்றை உரக்க வாசிக்க வந்திருந்தேன்.

அது ஸ்டெல்லா அத்தையின் வாழ்க்கை வரலாறு. அத்தையின் அப்பாவும் என் தாத்தாவும் உடன்பிறந்தவர்கள். தம்பி மலாயாவுக்குக் கப்பல் ஏறினார், அண்ணன் ஊரிலேயே இருந்துவிட்டார். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அத்தை, முப்பது வயதுக்குமேல் மார்மன் சபையில் சேர்ந்தார். அமெரிக்காவில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவு அது. இங்கே அவர்கள் ஒரு கடைமாடியை வாடகைக்கு எடுத்துக் கூடிக்கொண்டிருந்த காலத்தில், அந்தச் சின்னச் சபையின் மகளிர் சங்கத்துக்குத் தலைவியான முதல் தமிழ்ப் பெண் அவர்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கிருந்தோ என் எண்ணைப் பிடித்துக் குரல் செய்தி அனுப்பினார்.

"ஜெசி, நான் ஒனக்கு அத்தை. நம்பலன்னா ஒங்கப்பாகிட்ட கேளு. ஒங்க தாத்தா பேரு மிக்கேல். எடது காதுல ஒரு வெட்டு இருக்கும்."

வெட்டு இருந்ததாக அப்பா உறுதி செய்தார்.

போன மாதம் இன்னொரு செய்தி வந்தது. முழங்கால் தேய்ந்துவிட்டது, மகளோடு தெற்கே ஜொகூருக்கே போய்விடப் போகிறார், சனிக்கிழமை சங்கத்தில் பிரியாவிடை. "என் கதைய யாராச்சும் வாசிக்கணுமாம். இங்க உள்ளவங்க வாசிச்சா பாராட்டிருவாங்க லா. நீ வந்து வாசி. ஒனக்குத்தான் என்னைத் தெரியாது."

விமான நிலையத்திலிருந்து ஜெலுத்தோங்குக்கு ஏறக்குறைய பதினான்கு கிலோமீட்டர். வாடகைக் கார் இருபத்திரண்டு வெள்ளி; ரிங்கிட்டை இங்கே தமிழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஓட்டுநர் தமிழர். அடுக்குமாடியின் பெயரைச் சொன்னதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"பதினோராவது மாடி ஸ்டெல்லா ஆன்ட்டி வீடா அக்கா?"

"தெரியுமா?"

"தெரியும்லா. பெரிய மனசு. ஆனா பேக்க நீங்களே தூக்கிட்டுப் போயிருங்க. போன தடவ ஒருத்தர எறக்கிவிட வந்தேன். லிஃப்ட் ரோசாக். அஞ்சு கிலோ அரிசி ரெண்டு மூட்டையக் குடுத்து, மேல வரியான்னு கேட்டாங்க. கேட்டாங்கன்னுதான் பேரு."

ரோசாக் என்றால் பழுது என்று அவரே விளக்கினார். என்னை இறக்கிவிட்ட வேகத்தைப் பார்த்தால் இன்னும் பயம் தெளியவில்லை.

வியாழன், மாலை 6.30.

அத்தைக்கு எழுபத்தொரு வயது. உயரம் நாலடி பத்து அங்குலம் இருக்கும். கதவைத் திறந்ததும் கட்டிப்பிடித்தார். பிடித்த கையோடு, "ஒங்க அம்மாவோட அம்மா பேரு என்ன?" என்று கேட்டார். சொன்னேன். "அவங்க அம்மா?" தெரியவில்லை. அத்தை பெருமூச்சு விட்டு, ஒரு நோட்டில் ஏதோ கட்டத்தைக் காலியாக விட்டார். முன்னோர் பெயர்களைத் தேடி எழுதுவது இவர்கள் சபையில் ஒரு கடமை. கோடு போட்ட அந்த நோட்டில் என் குடும்பத்தில் எனக்கே தெரியாத பதினேழு பேர் இருந்தார்கள்.

வீட்டில் அரிசி, பருப்பு, மீன் டின் என்று ஓர் ஆண்டுக்கான உணவு சேர்த்து வைத்திருக்கிறார். இதுவும் சபையின் வழக்கம். எனக்குக் கொடுத்த கட்டிலுக்குக் காலே இல்லை. அரிசி மூட்டைகள்மேல் பலகை போட்டு, பலகைமேல் மெத்தை.

"டீ போடட்டுமா அத்தை?" என்று கேட்டேன். அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். மார்மன்கள் தேநீரும் காப்பியும் குடிப்பதில்லை என்று எங்கோ படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நாளுக்கு ஆறு தம்ளர் குடிக்கிற நான், நான்கு நாளுக்கு வந்திருக்கிறேன். அத்தை பெரிய குவளையில் பார்லி தண்ணீர் கொடுத்தார்.

அதைக் குடித்தபடியே நான்கு பக்கத்தையும் படித்தேன். தாசேக் கெலுகோர் ரப்பர் தோட்டத்தில் பிறந்தது, பத்தொன்பது வயதில் பாயான் லெப்பாஸ் எலெக்ட்ரானிக் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தது, சபையில் சேர்ந்தது, எட்டுப் பெண்களோடு சங்கம் தொடங்கியது, எல்லாம் நேராக, அலங்காரம் இல்லாமல் இருந்தன. ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. "நாற்காலிகளை மாற்ற வேண்டியிருந்தது. ஒரு வேன் வந்தது." அடுத்த பக்கத்தில், "சிஸ்டர் பாக்கியத்துக்கு அரிசி கொண்டுபோக வேண்டியிருந்தது. ஒரு வேன் வந்தது." மொத்தம் ஏழு இடத்தில் வேன் வந்தது.

"யாரோட வேன் அத்தை?"

"வேன்தான்."

"யாரு ஓட்டினா?"

அத்தை எழுந்து பருப்பு டப்பாக்களை எண்ணத் தொடங்கினார். "நான் பொய் எழுத மாட்டேன் ஜெசி. வேன் வந்துச்சு. அது உண்மை."

வெள்ளி, காலை 7.10. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை.

பள்ளிவாசலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அத்தையிடம் சொல்லிவிட்டு வந்தேன். பள்ளிவாசலைப் பார்த்தேன் என்பதும் உண்மைதான். அதற்கு எதிரே ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்துகொண்டு பார்த்தேன். மஞ்சள் பூசிய கும்மட்டங்கள், சாலையோரம் கறி வாசனை, நாசி கண்டார் என்னும் கறிச்சோற்றுக்கான அண்டாக்களை இறக்குகிறவர்களின் சத்தம். இழுத்து ஆற்றிய பால் டீக்கு இங்கே தே தாரிக் என்று பெயர்; ஒன்று இரண்டு வெள்ளி இருபது காசு. மூன்று குடித்தேன்.

கடைக்காரர் தமிழ் முஸ்லிம். மூன்றாவது தம்ளரை வைக்கும்போது கேட்டார். "ஸ்டெல்லா அக்கா வீட்டுக்கு வந்திருக்கீங்களா?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"இவ்ளோ காலையில இவ்ளோ தாகத்தோட வேற யாரு வருவா? அங்க தங்குற எல்லாருமே பள்ளிவாசல் பாக்கத்தான் வருவாங்க. போகும்போது ஏலக்கா மெல்லுங்க, வாசன தெரியாது. ஆனா அக்காவுக்கு எப்படியும் தெரியும்."

அவரிடமும் வேனைப் பற்றிக் கேட்டேன். துண்டால் மேசையைத் துடைத்தார். "ஜுருவுல அவங்க அண்ணன் இருக்காரே, ஸ்பேர் பார்ட்ஸ் கடை. போய்ப் பாத்தீங்களா?"

வெள்ளி, முற்பகல் 11.00. ஜுரு.

அண்ணன் இருக்கிறார் என்பதையே அத்தை சொல்லவில்லை. திரும்பிப் போய்க் கேட்டபோது, "இருக்காரு. டெய்லி போன்ல பேசுவோம். அவரு என் கோயில் வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொன்னவரு. நாளைக்கு வரமாட்டாரு" என்றார். சொன்ன விதம் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே டப்பாவை மூன்று முறை மூடினார். "போனா, நான் கூப்பிட்டேன்னு சொல்லாத. கூப்பிட்டா வரமாட்டேன்னு சொல்ல வேண்டியிருக்கும் அவருக்கு."

படகுத்துறையிலிருந்து பட்டர்வொர்த்துக்கு இரண்டு வெள்ளி. அங்கிருந்து ஜுருவுக்குப் பதினைந்து கிலோமீட்டர், காருக்கு இருபது வெள்ளி. இரண்டு பக்கமும் ஆலைகள், கார் விற்கும் மைதானங்கள். அத்தையின் அண்ணன் சவரிமுத்துப் பெரியப்பா கடைக்கு வெளியே ஒரு பம்பரைத் துடைத்துக்கொண்டிருந்தார். எழுபத்து நான்கு வயதுக்கு நல்ல திடம்.

"மிக்கேல் பெரியப்பா பேத்தியா? மூக்கப் பாத்தாலே தெரியுது. கோப்பி குடிக்கிறியா? அவ வீட்டுல பார்லி தண்ணிதானே குடுத்திருப்பா?"

காப்பி வந்தது. நான் குடித்துக்கொண்டே கடையின் பின்பக்கம் பார்த்தேன். தார்ப்பாய் போர்த்திய ஒரு வேன். டயர்கள் தரையோடு அமுங்கிக் கிடந்தன.

"அது யாரோட வேன் பெரியப்பா?"

"எது? அதுவா? கஸ்டமரோடது."

தார்ப்பாய் ஓரம் விலகியிருந்தது. எட்டிப் பார்த்தேன். முகப்பில் ஒரு மாதா படம். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கைக்குக் கீழே, கால் எட்டாதவர்கள் கால் வைக்க ஒரு மரப்பலகையை ஆணி அடித்து வைத்திருந்தார்கள். கஸ்டமர் குள்ளம் போலிருக்கிறது என்றேன். பெரியப்பா பம்பரை இன்னும் பளபளப்பாக்கினார்.

"இங்க பாரும்மா. நான் அப்போ பங்குக் கோயில்ல பாடகர் குழுத் தலைவர். தங்கச்சி வேற சபைக்குப் போனா, நான் போய் அவங்க நாற்காலி சொமக்கிறேன்னு தெரிஞ்சா எனக்கு என்ன மரியாத? ரோட்டுக்கு அந்தப் பக்கமே நிறுத்துவேன். ஒரு நாளும் உள்ள போனதில்ல. என் பேரு அவ கதையில வரக்கூடாதுன்னு அப்பவே சொல்லிட்டேன். நாளைக்கும் வரமாட்டேன்."

"சரி பெரியப்பா."

கார்புரேட்டர் ஒன்றை எடுத்தார், வைத்தார்.

"எங்க நடக்குது? கோயிலுக்குள்ளயா?"

"இல்ல, பக்கத்து ஹால்ல. பாஸ்கெட்பால் விளையாடுற எடம்னு அத்தை சொன்னாங்க."

"அதுக்குத் தனி வாசல் இருக்கா?"

"தெரியலையே."

"சும்மாதான் கேட்டேன்லா" என்றார்.

சனி, மாலை 4.00. ஜார்ஜ் டவுன்.

சபைக் கட்டடத்தை ஒட்டிய மண்டபம். இரண்டு முனையிலும் கூடைப்பந்து வளையம், நடுவில் நாற்பது மடக்கு நாற்காலிகள். தமிழர்களும் சீனர்களும் பாதிப் பாதி. தலைமை தாங்கியவர் சிஸ்டர் லிம்; இந்தச் சபையில் எல்லாப் பெண்களும் சிஸ்டர்தான். சீனப் பெண்மணி, அத்தையோடு முப்பது ஆண்டு சங்கத்தில் இருந்தவர். அவருக்குத் தமிழ் தெரியும். ஆனால் அத்தை பேசக் கேட்டு மட்டுமே கற்றது என்பதால் எல்லாமே கட்டளை. "ஜெசி, வா. நிமிர்ந்து நில்லு. சத்தமா வாசி."

சத்தமாக வாசித்தேன். தோட்டம், ஆலை, அதன்பிறகு அந்த நாள். டை கட்டிய இரண்டு வெள்ளைக்கார இளைஞர்கள் சைக்கிளில் வந்து, கடவுளைப் பற்றிப் பேசலாமா என்று கேட்கிறார்கள். அத்தை அவர்களைத் தண்ணீர் வடிகட்டி விற்க வந்தவர்கள் என்று நினைத்துவிடுகிறார். "'லிஃப்ட் பழுது, முதலில் இந்த கேஸ் சிலிண்டரைப் பதினோராவது மாடிக்குக் கொண்டுவாருங்கள்' என்றேன். மேலே வந்து சேரும்வரை இருவரும் முகம் சுளிக்கவில்லை. ஆகவே உட்கார வைத்துக் கேட்டேன்."

"லிஃப்ட்டு அன்னிக்கு நல்லாத்தான் இருந்துச்சு!"

குரல் பக்கவாட்டு வாசலிலிருந்து வந்தது. பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

மண்டபமே திரும்பியது. அத்தை மட்டும் திரும்பவில்லை. முன்வரிசையில் நேராக உட்கார்ந்தபடியே, "சோதிச்சுப் பாத்தேன். இதுல என்ன தப்பு?" என்றார். பிறகு தாழ்ந்த குரலில் என்னிடம், "நீ வாசி" என்றார். அவர் கை நாற்காலி விளிம்பை இறுகப் பிடித்திருந்தது.

வாசித்தேன். சிஸ்டர் பாக்கியத்தின் கணவர் தோட்டத்தில் விழுந்து கால் முறிந்து கிடந்தது, வீட்டில் மூன்று பிள்ளைகள், அடுப்பு எரியாத நாட்கள். சங்கத்துப் பெண்கள் எட்டுப் பேரும் அரிசி சேர்த்தது. "தாசேக் கெலுகோருக்கு எப்படிப் போவது என்று தெரியவில்லை. ஒரு வேன் வந்தது."

வாசலில் ஒரு செருமல்.

"பதினொரு வாரம் தொடர்ந்து போனோம். ஒவ்வொரு வாரமும் ஒரு வேன் வந்தது."

"வேன் என்ன, தானாவா வந்துச்சு?"

இப்போது அத்தை திரும்பினார். "பேரு வேண்டாம்னு நீங்கதானே அண்ணே சொன்னீங்க?"

"பேரு வேண்டாம்னேன். டிரைவரே இல்லாம வேன் ஓடுச்சுன்னா எழுதச் சொன்னேன்? கேக்குறவங்க என்ன நெனைப்பாங்க? அற்புதம், புதுமைன்னு நெனைப்பாங்க! ஒங்க சபையில புதுமை நடந்துச்சுன்னு எழுதி வச்சிருவாங்க! பெட்ரோல் போட்டது நானு!"

யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு தமிழ் புரிந்தவர்கள் எல்லாரும். தமிழ் புரியாத சீனப் பெண்களுக்கு சிஸ்டர் லிம் எழுந்து மொழிபெயர்த்ததும் இரண்டாம் முறை சிரிப்பு எழுந்தது. அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர் சிரிக்கவில்லை. சிஸ்டர் பாக்கியம், எண்பது வயதிருக்கும், ஊன்றுகோலோடு எழுந்தார். மெதுவாக நடந்து வாசலுக்குப் போனார்.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேன்லயே இருப்பீங்களே. பதினொரு வாரமும் தண்ணி கொண்டுவந்து குடுத்தேன். வாங்கவே மாட்டீங்க" என்றார். "இன்னிக்காச்சும் உள்ள வந்து உக்காருங்கண்ணே."

பெரியப்பா மேலே பார்த்தார். தலைக்கு மேலே கூடைப்பந்து வளையம். "இது கோயில் இல்லதானே?" என்று பொதுவாக எல்லாரையும் கேட்டார்.

"இல்ல," என்றார் சிஸ்டர் லிம். "வா. உக்காரு. பேசாத."

இரண்டாவது காலையும் உள்ளே வைத்தார்.

அத்தை என்னிடம், "மொதல்ல இருந்து வாசி ஜெசி. திருத்தி வாசி" என்றார். மறுபடி தொடங்கினேன். ஏழு இடத்திலும் "என் அண்ணன் சவரிமுத்து வேன் ஓட்டி வந்தார்" என்று வாசித்தேன். முதல் மூன்று முறை பெரியப்பா குறுக்கிட்டு, எந்தப் பாலத்தில் நெரிசல், எந்த டயர் வெடித்தது என்று விவரம் சேர்த்தார். நான்காவது முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏழாவது முறையும் துடைத்துக்கொண்டேதான் இருந்தார். அத்தை அழவில்லை. கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கச் சொல்லிப் பெரியப்பாவுக்கே உத்தரவு போட்டார். அவரும் அடுக்கினார். முடித்ததும் யாரோ கொடுத்த பார்லி தண்ணீரைக் குடித்துவிட்டு, "சீனி பத்தல" என்றார்.

திங்கள், காலை 8.40. மீண்டும் விமான நிலையம்.

ஞாயிறன்று அத்தை அவர் கோயிலுக்கும் பெரியப்பா அவர் பூசைக்கும் போனார்கள். அதில் எந்த மாற்றமும் இல்லை. திங்கள் காலை பெரியப்பா தன் கெரெத்தாவில், அதாவது காரில், எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு வந்தார். ஜெலுத்தோங்கிலிருந்து விமான நிலையம்வரை எந்தச் சாலை சுருக்கம் என்று சண்டை. வந்து சேர்ந்ததும் எங்கே நிறுத்துவது என்று சண்டை. அவர்கள் இறங்கிச் சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் என் பெட்டியை நானே எடுத்தேன். கடைசியில் அத்தை என் நெற்றியில் முத்தம் வைத்தார். அடுத்த மாதம் ஜொகூருக்குச் சாமான் ஏற்ற யார் லாரி வரும் என்று நான் கேட்கவில்லை. பெரியப்பா ஏற்கெனவே அத்தையின் பீரோவை எப்படிக் கட்டுவது என்று காற்றில் கையால் அளந்துகொண்டிருந்தார்.

உள்ளே போய் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். வேறு வேறு சபையாம், இத்தனை வருஷமாம், ஆனாலும் தினமும் பேச்சாம் என்று அம்மா வியந்துகொண்டாள். அப்பா கேட்டுக்கொண்டிருந்தாரா என்று கேட்டேன். கேட்டுவிட்டு வெளியே போய்விட்டாராம்.

என் அப்பாவுக்கும் ஒரு தம்பி இருக்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே ஊர், ஒரே கோயில், ஞாயிறுதோறும் ஒரே பூசை. ஒருவர் வலது வரிசையில் உட்காருவார், ஒருவர் இடது வரிசையில். பேசிப் பல வருடமாகிறது. இவர்களைப் பிரிக்க எந்தச் சபையும் அமெரிக்காவிலிருந்து வர வேண்டியிருக்கவில்லை. எல்லைச் சுவரில் சாய்ந்து வளர்ந்த ஒரு பலாமரம் போதுமாக இருந்தது.

"மரம் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"இந்த வருஷம் நெறைய காய்ச்சிருக்கு" என்றாள் அம்மா. "ரெண்டு வீட்டுலயும் தொடல. எல்லாம் பழுத்துக் கீழ விழுந்து கெடக்கு."