பிணமில்லாத அடி

இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் செல்லசாமியின் தப்பு மேளத்தைக் கேட்காமல் யாரும் கண் விழித்ததில்லை. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்க, ஆள் கூப்பிடுவது அவன்தான். கல்யாணத்துக்கு ஓர் அடி, மாரியம்மனுக்கு ஓர் அடி, காமன் கூத்துக்கு ஓர் அடி வைத்திருந்தான். சாவுக்கும் ஓர் அடி உண்டு. அது காதில் விழுந்தால் மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தங்கள் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துக்கு வந்துவிடுவார்கள். பிணமில்லாமல் அந்த அடியை அடித்தால், அடித்தவன் வீட்டிலேயே அது பிணம் தேடும் என்பது லயத்து நம்பிக்கை.

1957 சித்திரையில் தோட்டத்துத் துரையின் பங்களாவுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். சீமையிலிருந்து கப்பலேறி ஊர் பார்க்க வந்த ஒரு துரையும் துரைசாணியும். நல்ல மனிதர்கள், அதைச் சொல்லிவிட வேண்டும். கொழுந்துக்கூடை பின்னுகிறவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பின்னிப் பார்த்தார்கள். வாசல் கோலத்தை மிதிக்காமல் சுற்றி நடந்தார்கள். இப்படிப்பட்டவர்கள்மேல் கோபப்படவும் முடியாது, அதுதான் தொல்லை.

தினமும் மூன்று மணிக்குச் செல்லசாமியைப் பங்களாப் புல்வெளிக்குக் கூப்பிட்டு அடிக்கச் சொன்னார்கள். துரைசாணி சப்பாத்தைக் கழற்றிவிட்டு அடிக்கு ஏற்றபடி கால் மாற்றி வைத்துப் பார்ப்பாள். வெள்ளிக்கிழமை, தோட்டத்துத் துரை சிரித்துக்கொண்டே விருந்தாளிகளிடம் ஏதோ சொன்னார். பேச்சை மொழிபெயர்க்க நின்ற பங்களாச் சமையல்காரர் அமிர்தநாதன் அப்புவின் முகம் சுண்டிவிட்டது.

"செல்லசாமி, இன்னொரு அடி இருக்காம்ல. சாவுக்கு அடிக்கிறது. அத அடிக்கச் சொல்றாங்க."

"ஐயா, ஒங்களுக்குத் தெரியாததா? வீட்டுல பூரணிக்கு நெறமாசம். சும்மா அடிக்கக் கூடாதுன்னு சொல்லுங்க."

அப்பு சொன்னார். தோட்டத்துத் துரையின் சிரிப்பு நின்றது. விருந்தாளிகள் முன்னால் ஒரு கூலியாள் மாட்டேன் என்பதா? வேறு எதையாவது அடித்து ஏமாற்றலாம் என்றால் துரைக்குப் பன்னிரண்டு வருடமாக அந்த அடி பழக்கம். மாட்டேன் என்றால் கணக்கை முடித்துப் பத்துச்சீட்டு. வேலை போகும், வேலையோடு லயத்து வீடும் போகும், பிள்ளைத்தாய்ச்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது? மத்தளத்துக்குத்தான் இரண்டு பக்கமும் இடி என்பார்கள். ஒரு பக்கத் தப்பை வைத்திருந்தவனுக்கும் அன்றைக்கு அதே கதி.

அடித்தான். கொஞ்ச நேரத்தில் எதிர்மலையிலிருந்து பெண்கள் வரிசையாக இறங்கத் தொடங்கினார்கள். தங்களுக்காக ஆட வருகிறார்கள் என்று துரைசாணி கை தட்டினாள். மலை காலியாவதைப் பார்த்த துரைதான் பாதியில் நிறுத்தச் சொன்னார்.

செல்லசாமி லயத்துக்கு ஓடினான். அவன் வீட்டு வாசலில் நாற்பது பெண்கள் மாரடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த லயத்தில் அன்றைக்கு உயிருக்கு அஞ்ச வேண்டியவள் பூரணி ஒருத்திதானே. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவள். அவளோ நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று தனக்கான ஒப்பாரியைத் தானே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒங்க கைதான்னு எனக்குத் தெரிஞ்சிருச்சு. ஏங்க அடிச்சீங்க?"

"அடிக்க வச்சுட்டாங்க, புள்ள."

மருத்துவச்சி அம்மாக்கண்ணு பூரணியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "புள்ள நல்லாத்தான் இருக்கு. ஆனா அடிச்ச அடிக்கு ஒரு பொணம் குடுத்துரணும். இல்லாட்டி அது அடங்காது."

பூரணி அவன் தோளில் தொங்கிய தப்பைப் பார்த்தாள். அவன் அப்பன் கையிலிருந்து வந்த தப்பு. "அதக் குடுத்துருங்க" என்றாள்.

பொழுது சாயுமுன் ஆற்றோரச் சுடுகாட்டில் கட்டை அடுக்கி, தப்பை மல்லாக்க வைத்துச் செல்லசாமியே கொள்ளி போட்டான். அழ வந்த பெண்கள் அழுதுவிட்டே போனார்கள். மறுநாள் பங்களாவில், தப்பு எங்கே என்று செல்லசாமியைக் கேட்டார்கள்.

"செத்துப் போச்சுங்க, தொரை."

அப்பு அதை எப்படிச் சொன்னாரோ, உடைந்துபோய்விட்டது என்றுதான் விருந்தாளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஐயோ பாவம் என்று வருந்தினார்கள்.

ஞாயிறு விடியலில் பெண் குழந்தை பிறந்தது. வீறிட்டு அழுதது. செல்லசாமி வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். இனித் தப்பே வேண்டாம், கொழுந்து பறிக்கிறதோ மண் வெட்டுகிறதோ கிடைத்ததைச் செய்து பிழைக்கலாம் என்று நினைத்துக்கொண்டான். அந்த நினைப்பு மத்தியானம் வரைக்கும் இருந்தது.

மத்தியானம் அப்பு வந்தார். கையில் புத்தம்புதுத் தப்பு. அதைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

"புள்ள பொறந்ததுக்குத் தொரசாணியோட பரிசு. ஹட்டனுக்கு ஆளனுப்பி வாங்குனாங்க." அப்பு நிமிர்ந்து பார்க்கவில்லை. "நாளைக்குக் கப்பலுக்குப் போறாங்க. அன்னைக்குப் பாதியில நின்ன அந்தச் சாவு அடிய முழுசா கேக்கணுமாம். ஞாயித்துக்கெழம மலையில வேலையில்லாததுனால நம்ம பெரிய தொரையும் சரின்னுட்டாரு. மூணு மணிக்கு வரச் சொன்னாங்க."

புதுத்தோல் விறைப்பாக இருந்தது. காய்ச்சினால்தான் பேசும். செல்லசாமி ரிப்பனை அவிழ்த்தான், அடுப்பில் கிடந்த தணலை வாசலுக்கு அள்ளிக்கொண்டு வந்தான், தப்பை அதன்மேல் காட்டித் திருப்பித் திருப்பிக் காய்ச்சினான். பிறகு எழுந்து நின்றான். பூரணியைப் பார்த்தான்.

அவள் குழந்தையை மடியில் சரித்து, அதன் இரண்டு காதுகளையும் தன் உள்ளங்கைகளால் பொத்திக்கொண்டாள்.

"போங்க" என்றாள்.