சின்னக் குழாயில் பார்த்த சூரியன்

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனைக்கும் அன்று காலையில்தான் என் டெலஸ்கோப்புக்குப் புது ஃபைண்டர் பார்சலில் வந்திருந்தது. பெட்டியைப் பிரித்ததும் புது பிளாஸ்டிக் வாசனை. இந்த வயதிலும் அந்த வாசனைக்கு மயங்குகிறவன் நான்.

ஃபைண்டர் என்றால் என்னவென்று கேட்பீர்கள். டெலஸ்கோப்பு வானத்தில் துளியூண்டு இடத்தைத்தான் காட்டும். நிலாவைத் தேடினாலே கழுத்து பிடித்துக்கொள்ளும். அதனால் குறிபார்க்க அதன் முதுகில் சின்னதாக இன்னொன்றைப் பொருத்துவோம். பகலில், தூரத்தில் அசையாத ஒன்றைப் பெரிய குழாயில் பிடித்து, அதுவே ஃபைண்டரின் நடுவிலும் வரும்வரை திருகாணிகளைத் திருக வேண்டும். அந்தக் காலத்தில் எங்களுக்கு அசையாத பொருள் பீங்கான் கம்பெனியின் புகைபோக்கி.

எங்களுக்கு என்றால் எனக்கும் கலியமூர்த்திக்கும். விருத்தாசலத்தில் அந்தக் கம்பெனியில் நான் ஸ்டோர் கிளார்க், அவன் சூளையில். சூளைக் கதவின் ஓட்டை வழியே, நீலக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துத் தீக்குள் பார்ப்பான். உள்ளே வைத்த சின்னக் கூம்பு தலைசாய்ந்தால் சூடு பதம். அதைச் சொல்ல அவன் கண்ணை விட்டால் ஆளில்லை.

ஃபைண்டருக்குப் பெரிய லென்ஸ்தான் நல்லது என்று எங்கோ படித்துவிட்டு, பழைய பைனாகுலரைப் பாதியாக அறுத்துக் கட்டியிருந்தேன். பெருமை தாங்கவில்லை எனக்கு.

அப்போது ஒரு சூரிய கிரகணம். சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி வாசலில் டெலஸ்கோப்பை நிறுத்தி, பெரிய குழாயிலிருந்து விழும் சூரியனை வெள்ளை அட்டையில் காட்டினேன். “யாரும் கண்ண வச்சிடாதீங்க, போயிடும்!” என்று பஸ் கண்டக்டர் மாதிரி கத்திக்கொண்டிருந்தேன்.

கலியமூர்த்தி ஃபைண்டரைத் தொட்டான். “இதுலயாச்சும் பாக்கட்டுமாடா? என்னாண்ட நீலக் கண்ணாடி இருக்குது.”

“அது சின்னதுதான. தீயவே பாக்கறவன் நீ, பாரு.”

நான்தான் சொன்னேன். வேறு யாருமில்லை.

ஐந்தாறு நொடி பார்த்திருப்பான். “தேங்காக் கீத்தாட்டம் இருக்குதுடா” என்று சிரித்தான். எல்லோரும் சிரித்தோம். நீலக் கண்ணாடி கண்கூச்சத்தைத்தான் மறைக்கும், லென்ஸ் குவித்துத் தரும் சூரியனுக்கு அது போதாது என்று பல வருஷம் கழித்துப் படித்தபோது திக்கென்றது. ஆனால் அவன் மறுநாளே வேலைக்கு வந்தவனாயிற்றே என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இப்போது வாங்கியதில் லென்ஸ் வைத்துப் பெரிதாக்குகிற வேலையே இல்லை. வெறும் கண்ணாடி, அதில் குறிபார்க்க ஒரு சிவப்புப் புள்ளி. ஞாயிறு சாயங்காலம் கலியமூர்த்தியை மாடிக்கு வரவழைத்தேன். புகைபோக்கியைத்தான் இடித்துவிட்டார்களே என்று அவனிடம் புலம்பிக்கொண்டே, பழமலைநாதர் கோயில் கோபுரக் கலசத்தில் குறிவைத்தேன்.

“ரெண்டு கண்ணையும் தொறந்து பாருடா. இதோட விசேஷமே அதான்.”

அவன் தலையைச் சாய்த்து இடது கண்ணைக் கொண்டுபோனான். நான் விடவில்லை. “வலது கண்ணாலயும் பாருன்னா!”

“அது அன்னிக்கே போச்சுடா.”

“என்னிக்கு?”

“கிரகணத்தன்னிக்கு.”

கையிலிருந்த திருப்புளி தரையில் விழுந்தது.

“ஏன்டா சொல்லல?”

“சொன்னா சூளைய வுட்டு எடுத்துருப்பாங்க. அப்பறம் நீ வேற அழுவ.”

வேலையை விடும்வரை இடது கண்ணாலேயே கூம்பு பார்த்திருக்கிறான். தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். வியாழனைச் சுற்றும் நிலாக்களை எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, இதைக் கவனிக்கவில்லை. என்ன ஜென்மம் நான்!

“சுத்தமா தெரியாதா?” என்றேன்.

இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

“ஓரமெல்லாம் தெரியுது. நடுவுலதான் ஒண்ணும் இல்ல. உன் காது ரெண்டும் இருக்குது. மொகத்தத்தான் காணோம்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஒரு புகைபோக்கி போய்விட்டதே என்று கொஞ்சம் முன்னால்தான் அவனிடமே அங்கலாய்த்திருந்தேன்.